ஃபெர்டினாண்ட் ஹெப்ரா: தோல் மருத்துவத்தின் தொடக்க காலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோல் மருத்துவம் படிக்க வரும் பிள்ளைகளிடம் முதல் வாரத்திலேயே ஹெப்ரா என்ற பெயரைச் சொல்லிவிடுவேன். சொன்ன உடனே கேள்விகள் கிளம்பும். வெளிநோயாளிப் பிரிவில் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகளும் ஏறத்தாழ அவையேதான். அவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாது, ஆனால் அவர்களுடைய சந்தேகங்களில் பாதிக்கு அவர் எப்போதோ பதில் தேடியிருக்கிறார். திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஹெப்ரா, ஹெப்ரான்னு சொல்றீங்களே, யார் சார் அவர்?

ஃபெர்டினாண்ட் ஹெப்ரா, வியன்னாவில் வேலை பார்த்த தோல் மருத்துவர். 1816 செப்டம்பர் 7ஆம் தேதி மொராவியாவின் புருன் நகரத்தில் பிறந்தார். அப்போது அது ஆஸ்திரியப் பேரரசின் ஊர்; இன்று செக் நாட்டில் புர்னோ என்ற பெயரில் இருக்கிறது. 1841இல் வியன்னாவில் மருத்துவப் பட்டம் பெற்றார். அந்த நகரத்தின் பொது மருத்துவமனையில் சேர்ந்து, கடைசி வரைக்கும் அங்கேயே இருந்தார். 1849இல் துணைப் பேராசிரியர், 1869இல் முழுப் பேராசிரியர், 1877இல் அரசு கொடுத்த பிரபுப் பட்டம். 1880 ஆகஸ்ட் 5 அன்று காலமானார்.

பதவிகளின் கதை இவ்வளவுதான். அவரைப் பற்றிப் பேச வேண்டியதெல்லாம் அந்த மருத்துவமனையின் ஒரு வார்டுக்குள் நடந்தது.

அவர்தான் உலகத்தின் முதல் தோல் மருத்துவரா?

இல்லை. அவருக்கு முன்பே மூன்று பேரையாவது சொல்ல வேண்டும். வியன்னாவிலேயே யோசப் பிளெங்க் 1776இல் தோல் நோய்களை 14 வகுப்புகளாகப் பிரித்து லத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். லண்டனில் ராபர்ட் வில்லன் ஏழைகளுக்கான இலவச மருந்தகத்தில் இருபது ஆண்டுகள் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்த்தார். பரு, செதில், கொப்புளம், சீழ்க்கட்டி, தடிப்பு என்று கண்ணுக்குத் தெரியும் உருவத்தை வைத்து எட்டு பிரிவுகள் வகுத்தார். பாதி நூல் வெளிவந்த நிலையில் 1812இல் மதேரா தீவில் இறந்துபோனார். மாணவர் தாமஸ் பேட்மன் மீதியை முடித்தார். பாரிஸில் செயின்ட் லூயி மருத்துவமனையின் அலிபேர், தோல் நோய்களை ஒரு பெரிய மரமாகவே வரைந்து காட்டினார்.

ஹெப்ராவை இந்த வரிசையில் நான்காவது ஆள் என்று வைப்பதுதான் நியாயம். வில்லனின் சொற்கள் இல்லாவிட்டால் ஹெப்ராவுக்குப் பேச மொழியே இருந்திருக்காது. ஆனால் முன்னவர்கள் தோலில் என்ன தெரிகிறது என்று எழுதினார்கள். அது ஏன் அப்படித் தெரிகிறது என்பதைச் சோதித்துப் பார்க்கும் பழக்கத்தை வார்டுக்குள் கொண்டுவந்தவர் ஹெப்ரா.

நல்லா படிச்ச டாக்டர், எதுக்கு சொறி சிரங்கு வார்டுக்குப் போனார்?

அனுப்பினார்கள், போனார். அந்தக் காலத்தில் வியன்னாவில் இரண்டு பெரியவர்கள் இருந்தார்கள். ஒருவர் ரோக்கிடான்ஸ்கி, ஆயிரக்கணக்கான பிரேதங்களை அறுத்துப் பார்த்து, நோய் என்பது உறுப்பில் நடக்கும் மாற்றம் என்று காட்டியவர். இன்னொருவர் யோசப் ஸ்கோடா. நெஞ்சில் தட்டியும் காது வைத்துக் கேட்டும் நுரையீரல், இதய நோய்களைச் சொல்வதில் வல்லவர். ஸ்கோடாவின் நெஞ்சுநோய்ப் பிரிவோடு தோல் நோயாளிகளின் அறைகளும் சேர்ந்திருந்தன. அவருக்கு அதில் ஈடுபாடு இல்லை, இளம் உதவியாளர் ஹெப்ராவிடம் ஒப்படைத்தார்.

சிரங்கு வார்டு என்றே அதற்குப் பெயர். அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் சிரங்கோடு வந்த கைத்தொழிலாளிகள்: தையற்காரர்கள், செருப்புத் தைப்பவர்கள், தொழிற்கூடத்தில் ஒரே படுக்கையில் நெருக்கியடித்துத் தூங்கிய உதவியாட்கள். எந்தப் பேராசிரியரும் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அங்கே போனதில்லை. ஆனால் ஒரே நோயை நூற்றுக்கணக்கானவர்களிடம், முதல் நாளிலிருந்து குணமாகும் நாள் வரைக்கும் பார்க்கிற வாய்ப்பு வேறு எந்த வார்டிலும் கிடைத்திருக்காது. அதை அவர் புரிந்துகொண்டார் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

சிரங்குப் பூச்சியைக் கண்டுபிடிச்சது ஹெப்ராதானே?

இல்லை, இது பலர் சொல்லும் தவறு. 1687இலேயே இத்தாலியின் லிவோர்னோவில் பொனோமோவும் செஸ்தோனியும் சேர்ந்து, நுண்ணோக்கியில் பூச்சியைப் பார்த்து, படம் வரைந்து, இதுதான் நோய்க்குக் காரணம் என்று இயற்கை அறிஞர் பிரான்செஸ்கோ ரெடிக்குக் கடிதம் எழுதிவிட்டார்கள். மருத்துவ உலகம் கண்டுகொள்ளவில்லை.

பிறகு 1812இல் பாரிஸில் கலே என்ற மருந்தாளுநர் பூச்சியைக் கண்டதாகச் சொல்லிப் பட்டமும் பேரும் வாங்கினார். அவர் வெளியிட்ட படம் பாலாடைக்கட்டியில் வாழும் பூச்சியினுடையது என்று பின்னால் தெரியவந்தது. அந்த மோசடிக்குப் பிறகு, சிரங்குக்குப் பூச்சி காரணம் என்று யார் பேசினாலும் ஏளனம்தான். 1834இல் ரெனுச்சி என்ற மாணவர் அலிபேரின் பிரிவில், எல்லோர் முன்னிலையிலும் ஓர் ஊசி முனையால் பூச்சியை வெளியே எடுத்துக் காட்டினார். அவர் கோர்சிகா தீவுக்காரர். அந்தத் தீவின் கிராமத்துப் பெண்கள் ஊசியால் பூச்சி எடுப்பதைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். பெரிய பேராசிரியர்கள் கொப்புளத்து நீரில் தேடிக்கொண்டிருந்தார்கள். பூச்சி அங்கே இருப்பதில்லை. தோலின் மேலடுக்கில் அது குடைந்து போகும் மெல்லிய கோட்டின் கடைசி முனையில் இருக்கும்.

இன்றும் அப்படித்தான் எடுக்கிறோம். விரலிடுக்கில் அல்லது மணிக்கட்டின் உட்புறத்தில், பென்சிலால் லேசாகக் கிறுக்கினது போல, சில மில்லிமீட்டர் நீளத்தில் வளைந்த ஒரு கோடு இருக்கும். நல்ல வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் கோட்டின் ஒரு முனையில் மங்கலான புள்ளி தெரியும். ஊசி முனையை அங்கே நுழைத்து நெம்பினால் வெள்ளைத் துகள் ஒன்று முனையில் ஒட்டிக்கொண்டு வரும். அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கிக்குக் கீழே பார்த்தால் எட்டுக் கால்களோடு நகரும்.

தன் உடம்பிலேயே பூச்சியை விட்டுக்கிட்டாராமே, நிஜமா?

நிஜம். பூச்சி இருக்கிறது என்று ரெனுச்சி காட்டிய பிறகும் கேள்வி முடியவில்லை. பூச்சி நோய்க்குக் காரணமா, அல்லது நோயால் கெட்டுப்போன தோலில் பூச்சி வந்து குடியேறுகிறதா என்று கேட்டார்கள். வியன்னாவில் பலர் இரண்டாவதைத்தான் நம்பினார்கள்.

ஹெப்ரா பூச்சியை எடுத்துத் தன் தோலில் விட்டுக்கொண்டார். சிரங்கு வந்தது. ரத்தத்தில் எந்தக் கெடுதலும் இல்லாத ஆரோக்கியமான ஆளுக்கும் பூச்சி ஏறினால் சிரங்கு வரும் என்று இதன்மூலம் நிறுவினார். வார்டில் பார்த்ததையும் தன் மேல் பார்த்ததையும் சேர்த்து 1844இல் சிரங்கைப் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டார்.

அந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு கவனிப்பு. பூச்சி இருக்கும் இடமும் சொறிந்த தடங்கள் இருக்கும் இடமும் ஒன்றல்ல. பூச்சி சில இடங்களில் மட்டும் குடையும். அரிப்பும் நகக்கீறலும் உடம்பு முழுக்கப் பரவும். நோயாளியின் தோலில் நாம் பார்க்கும் புண்களில் பெரும்பங்கு பூச்சி உண்டாக்கியதல்ல, நகம் உண்டாக்கியது. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் பூச்சியை எங்கே தேடுவது என்று தெரியும்.

சிரங்கை வெளிமருந்து போட்டு அமுக்கினா உள்ளே போய் வேற வியாதியா வராதா?

வராது. நம் ஊரில் பாட்டி சொன்னதாக இதைக் கேட்கிறார்கள். 1840களில் வியன்னாவிலும் பாரிஸிலும் பேராசிரியர்களே இதைச் சொன்னார்கள். உடம்பின் கெட்ட திரவம் தோல் வழியாக வெளியேறுகிறது, அதை மூடினால் நெஞ்சுக்கோ மூளைக்கோ போய்விடும் என்பது நெடுங்காலக் கோட்பாடு. அதனால் நோயாளிக்குப் பேதி மருந்து, ரத்தம் எடுத்தல், பத்தியம் எல்லாம் நடக்கும்; பூச்சி பாட்டுக்குக் குடைந்துகொண்டிருக்கும்.

ஹெப்ரா பூச்சியைக் கொல்லும் பூச்சு மருந்தை மட்டும் கொடுத்தார். உள்மருந்து இல்லை. வார்டில் வரிசையாக ஆட்கள் குணமாகி வீட்டுக்குப் போனார்கள், சொன்னபடி ஒருவருக்கும் நோய் உள்ளே போகவில்லை. முந்தைய பதிலில் சொன்ன சோதனையைவிட இது இன்னும் வலுவானது என்று நினைக்கிறேன். தன் உடம்பில் செய்தது ஒரே ஒரு ஆள். இங்கே ஒரு வார்டே சாட்சி.

இதைப் படிப்பவர் வீட்டில் யாருக்காவது சிரங்கு இருந்தால் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அரிப்பு இல்லாதவர்கள் உட்பட வீட்டில் உள்ள அனைவரும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். முதல் தடவை பூச்சி ஏறியவருக்கு அரிப்பு தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதற்குள் அவர் மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவார்.

அவர் என்ன மருந்து போட்டார்? இப்பவும் கடையில கிடைக்குமா?

முக்கியமாகக் கந்தகம். வில்கின்சன் களிம்பு என்று ஏற்கெனவே இருந்ததை மாற்றியமைத்துக்கொண்டார்: கந்தகம், மரத்திலிருந்து எடுக்கும் தார், பச்சைச் சோப்பு, சுண்ணக்கட்டித் தூள், பன்றிக்கொழுப்பு. நாற்றம் தாங்காது, துணியெல்லாம் கறை படியும், ஆனால் வேலை செய்தது. கந்தகக் களிம்பு நம் அரசு மருத்துவமனைகளில் நீண்ட காலம் கொடுக்கப்பட்டதுதான். இப்போது பெர்மெத்ரின் பூச்சும் ஐவர்மெக்டின் மாத்திரையும் அந்த இடத்துக்கு வந்துவிட்டன.

அரிப்போடு சிவந்து வரும் தோல் அழற்சியான எக்சிமாவுக்கு அவர் பெயராலேயே ஒரு களிம்பு இருந்தது. ஆலிவ் எண்ணெயில் ஈய ஆக்சைடுத் தூளைக் காய்ச்சிச் செய்தது. அதை யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம், ஈயம் விஷம்.

சோரியாசிஸ்னா குஷ்டம்தான்னு ஊர்ல சொல்றாங்க. ரெண்டையும் பிரிச்சது இவரா?

இரண்டும் வேறு வேறு. சோரியாசிஸ் செதில் உதிரும் நோய்; ஒட்டாது, விரல்களைத் தின்னாது, உணர்ச்சியை எடுக்காது. குழப்பம் நம் ஊர்க்காரர்களுடையது மட்டுமல்ல. கிரேக்கர்கள் செதில் உதிரும் நோய்களுக்கு லெப்ரா என்று பெயர் வைத்தார்கள். பிற்காலத்தில் அதே பெயர் தொழுநோய்க்கும் வந்து ஒட்டிக்கொண்டது. நூற்றாண்டுக் கணக்கில், வெறும் செதில் நோய் உள்ளவர்களும் தொழுநோயாளிகள் என்று ஒதுக்கப்பட்டிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மேலே சொன்ன வில்லன் சோரியாசிசை மிகச் சரியாக வருணித்தார். ஆனால் வட்டமாக வருவதை லெப்ரா என்றும், ஒழுங்கில்லாத உருவில் வருவதைச் சோரியாசிஸ் என்றும் இரண்டு நோயாக எழுதிவைத்தார். உருவத்தை மட்டும் பார்த்துப் பிரித்தால் வரும் சிக்கல் இது. ஒரே நோயாளியின் முழங்கையில் வட்டமும் முதுகில் வரைபடம் போன்ற திட்டும் இருப்பதை ஹெப்ரா பார்த்தார். சின்னப் புள்ளியாகத் தொடங்கி, வட்டமாகி, பக்கத்து வட்டங்களோடு சேர்ந்து பெரிய திட்டாவது வரைக்கும் நாள்தோறும் தொடர்ந்து பார்த்தார். இரண்டும் ஒரே நோய், அதற்குப் பெயர் சோரியாசிஸ், லெப்ரா என்ற சொல்லைத் தொழுநோய்க்கு விட்டுவிடுங்கள் என்றார். இது 1841இல், பட்டம் வாங்கிய ஆண்டிலேயே.

தொழுநோய்க்குக் காரணமான கிருமியை நார்வேயின் பெர்கன் நகரில் ஹான்சன் 1873இல்தான் கண்டார். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன், கிருமி என்ற துணை இல்லாமல், கண்ணாலும் பொறுமையாலும் செய்த வேலை இது.

அவருடைய வகைப்பாட்டில் 12 பிரிவு இருக்கே, பரீட்சைக்குக் கேட்பாங்களா?

கேட்க மாட்டார்கள், மனப்பாடம் வேண்டாம். 1845இல் வெளியிட்ட அந்தத் திட்டத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று மட்டும் பாருங்கள். ரத்தம் கூடுதல், ரத்தம் குறைதல், சுரப்பிக் கோளாறு, நீர் கோத்தல், ரத்தக்கசிவு, தடித்தல், சூம்புதல், புதுவளர்ச்சி, புண், நரம்புக் கோளாறு, ஒட்டுண்ணி என்று போகிறது பட்டியல். ரோக்கிடான்ஸ்கி பிரேத அறையில் ஈரலுக்கும் நுரையீரலுக்கும் பயன்படுத்திய அதே சொற்கள். ஈரல் எப்படி ஓர் உறுப்போ அப்படித் தோலும் ஓர் உறுப்பு, அதற்கும் அதே விதிகள்தான் என்று அந்தப் பட்டியல் சொல்கிறது. அதற்கு முன் பலருக்குத் தோல் என்பது உள்ளே நடப்பதைக் காட்டும் திரை மட்டுமே.

எக்சிமாவுல ஒருத்தருக்கு நீர் வடியுது, ஒருத்தருக்குக் காஞ்சு வெடிக்குது. எல்லாம் ஒரே வியாதின்னு எப்படிச் சொன்னார்?

உண்டாக்கிக் காட்டினார். நேர்வாள எண்ணெயை எடுத்துக்கொண்டார். நம் சித்த மருத்துவத்தில் கடும் பேதிக்குக் கொடுக்கும் அதே நேர்வாளத்தின் விதையிலிருந்து எடுப்பது. தோலில் பட்டால் எரித்துவிடும். அதைத் தோலில் தேய்த்து என்ன வருகிறது என்று பார்த்தார். கொஞ்சம் தேய்த்தால் சிவந்து சிறு பருக்கள், மேலும் தேய்த்தால் நீர்க்கொப்புளம், இன்னும் தேய்த்தால் சீழ் வைத்து நீர் வடிந்து பொருக்குத் தட்டும். நிறுத்தினால் பொருக்கு உதிர்ந்து, செதிலாகி, ஆறும்.

வில்லன் முறைப்படி பார்த்தால் பரு ஒரு பிரிவு, நீர்க்கொப்புளம் ஒரு பிரிவு, சீழ்க்கொப்புளம் ஒரு பிரிவு, செதில் ஒரு பிரிவு. ஒரே ஆளின் ஒரே இடத்தில் ஒரே எண்ணெயால் நான்கும் வந்தால் அவை நான்கு நோயாக இருக்க முடியாது. எக்சிமாவின் படிநிலைகள் என்று இன்று நாம் பாடம் நடத்துவது இதைத்தான்.

அவர் நோயாளியின் கைகளைப் பார்த்தே தொழிலைச் சொல்லிவிடுவாராம், கட்டுக்கதைதானே?

கட்டுக்கதை அல்ல, பழக்கம். செருப்புத் தைப்பவருக்கு நூல் இழுக்கும் இடத்தில் தழும்பு, சலவை செய்பவருக்குச் சோப்பால் வெடித்த விரல், சுட்ட செங்கல் தூக்குபவருக்கு உள்ளங்கைக் காய்ப்பு. ஆண்டுக்கணக்கில் தொழிலாளிகளின் தோலை மட்டுமே பார்த்தவருக்கு இது வரத்தான் செய்யும். நோயாளியிடம் கதை கேட்பதற்கு முன் தோலைப் பார் என்பதை அவர் வகுப்பிலேயே நடத்திக் காட்டினார். வகுப்பு கலகலப்பாக இருக்கும் என்பதால் பல நாட்டு மாணவர்கள் வியன்னாவுக்கு வந்து சேர்ந்தார்கள். அப்படி 1850களில் பாஸ்டனிலிருந்து வந்து படித்த ஜேம்ஸ் வைட், 1871இல் ஹார்வர்டின் முதல் தோல் மருத்துவப் பேராசிரியரானார்.

புகைப்படம் இல்லாத காலத்துல நோயை எப்படிப் படிச்சாங்க?

வரைந்து வைத்தார்கள். ஹெப்ராவின் தோல் நோய்ப் படத்தொகுப்பு 1856 முதல் 1876 வரை பகுதி பகுதியாக வந்தது. நோயாளியின் உண்மையான உருவ அளவில், வண்ண அச்சில். வரைந்தவர்கள் அன்டன் எல்ஃபிங்கர், கார்ல் ஹைட்ஸ்மன். இருவருமே மருத்துவம் படித்தவர்கள். எல்ஃபிங்கர் வேறொரு பெயரில் கேலிச்சித்திரமும் வரைந்தவர். முகத்தின் ஒரு சுளிப்பைப் பிடிக்கத் தெரிந்த கை, தோலின் ஒரு தடிப்பையும் பிடித்திருக்கிறது. இன்றைய வண்ணப் புகைப்படங்கள் பலவற்றில் பளபளப்பு மறைத்துவிடும் விவரம் அந்தப் படங்களில் தெரிகிறது. கறுப்புத் தோலில் இதே நோய்கள் எப்படித் தோன்றும் என்பது அவற்றில் இல்லை. நம் மாணவர்கள் அதை நம் நோயாளிகளிடமிருந்துதான் கற்க வேண்டும்.

தீக்காயம் பட்டவங்களை மாசக்கணக்கில் தண்ணிக்குள்ளேயே வெச்சிருந்தாராமே?

ஆமாம். 1860களின் தொடக்கத்தில் இதை ஆரம்பித்தார். தொட்டிக்குள் ஒரு சட்டம், அதில் கட்டிய விரிப்பு, தலைக்குத் தனியாக ஒரு தலையணை. உடல் சூட்டுக்குத் தண்ணீர். நோயாளி அதிலேயே படுத்து, அதிலேயே சாப்பிட்டு, அதிலேயே தூங்குவார். கடுமையான தீக்காயம் பட்டவர்களையும், உடம்பெங்கும் கொப்புளம் உடைந்து தோல் உரியும் பெம்ஃபிகஸ் நோயாளிகளையும் இப்படி வைத்திருந்தார்.

தோல் உரிந்த உடம்பில் படுக்கைத் துணி ஒட்டிக்கொள்ளும். கட்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் உயிர் போகும். தண்ணீரில் எதுவும் ஒட்டாது. அன்றைக்கு எதிர்ப்புயிரி மருந்து கிடையாது, ஸ்டீராய்டு கிடையாது, பெம்ஃபிகஸ் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. குணப்படுத்த முடியாதபோதும் வலியைக் குறைக்க இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார். ஹெப்ராவைப் பற்றி நான் சொல்லுவதில் இதற்கு மேலே எதையும் வைக்க மாட்டேன்.

கபோசி இவருக்கு மருமகன்தானே? மாமனார் தயவுல வந்தவரா?

மருமகன்தான். ஹங்கேரியின் கபோஷ்வார் ஊர்க்காரர், இயற்பெயர் மோரிட்ஸ் கோன். 1871இல் ஊர்ப் பெயரையொட்டிக் கபோசி என்று மாற்றிக்கொண்டார். ஹெப்ராவின் மகள் மார்த்தாவை மணந்தார், ஹெப்ராவின் பாடநூலின் இரண்டாம் பகுதியை அவரோடு சேர்ந்து எழுதினார், அவருக்குப் பிறகு அந்தத் துறைக்குத் தலைவரானார். அப்போதே முணுமுணுப்பு இருந்தது.

ஆனால் 1872இல் அவர் வருணித்த, கருஞ்சிவப்புக் கட்டிகளாக வரும் புற்றுநோய்தான் கபோசி சார்கோமா. 1981இல் எய்ட்ஸ் வெளிப்பட்டபோது நோயாளிகளிடம் இது தென்பட்டதால் உலகம் முழுக்க அந்தப் பெயரைத் தேடிப் படித்தது. வெயில் பட்டால் தோல் கருகிப் புற்றாகும் பரம்பரை நோயான சீரோடெர்மாவையும் முதலில் எழுதியவர் அவர்தான். தயவில் வந்தவர் செய்கிற வேலையா இது?

செம்மல்வைஸ் விஷயத்துல இவர் நண்பரா, துரோகியா?

இந்தக் கேள்வி வரும்போது வகுப்பு அமைதியாகிவிடும். விவரம் தெரியாதவர்களுக்கு: செம்மல்வைஸ் அதே மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் இருந்தவர். பிரேதம் அறுத்த கையோடு டாக்டர்கள் பிரசவம் பார்ப்பதால்தான் தாய்மார்கள் காய்ச்சல் வந்து சாகிறார்கள் என்று 1847இல் கண்டு, குளோரின் கரைசலில் கைகழுவ வைத்தார். சாவு மளமளவென்று குறைந்தது. ஆனால் அவர் எழுதத் தயங்கினார், ஆண்டுக்கணக்கில் எதையும் வெளியிடவில்லை.

எழுதியது ஹெப்ரா. வியன்னா மருத்துவர் சங்க இதழுக்கு அவர் ஆசிரியர். 1847 டிசம்பரிலும் மறுபடி 1848 ஏப்ரலிலும் இந்தக் கண்டுபிடிப்பை அறிவித்தார். ஜென்னரின் அம்மைத் தடுப்புக்கு நிகரானது என்று சொல்லி, மற்ற பிரசவ மருத்துவமனைகள் தங்கள் அனுபவத்தை எழுதியனுப்பும்படி கேட்டார். சிரங்கில் அவர் கண்டதும் இதே வகைதான்: வெளியிலிருந்து வரும் ஒரு பொருள், அதை அழித்தால் நோய் இல்லை. அவருக்கு உடனே புரிந்ததில் வியப்பில்லை.

1865 ஜூலையில் செம்மல்வைஸின் மனம் நிலைகுலைந்தபோது அவரை வியன்னாவுக்கு அழைத்து வந்தார்கள். ரயில் நிலையத்தில் வரவேற்றவர் ஹெப்ரா. தன் புதிய மருத்துவ நிலையத்தைக் காட்டுவதாகச் சொல்லி மனநோயாளர் விடுதிக்குக் கூட்டிப்போய் விட்டுவிட்டார். வெளியே போக முயன்ற செம்மல்வைஸைக் காவலர்கள் அடித்தார்கள். புண் சீழ்வைத்து, இரண்டு வாரத்தில், ஆகஸ்ட் 13 அன்று இறந்தார். வயது 47.

நண்பர் என்றே நான் சொல்வேன். குடும்பத்தின் சம்மதத்தோடு, வேறு வழி தெரியாமல் செய்த காரியம். ஆனால் பொய் சொல்லி அழைத்துப் போனது பொய்தான். இரண்டு கட்டுரைகளும் அதை அழித்துவிடாது.

இவ்வளவு சரியாப் பார்த்தவர் தப்பே பண்ணலையா?

பண்ணினார். சின்னம்மையும் பெரியம்மையும் ஒரே நோய், முன்னது லேசான வடிவம் என்று கடைசி வரை சொன்னார். வியன்னாவில் அவர் சொன்னதே வேதவாக்காக இருந்ததால் கபோசியும் அதையே பிடித்துக்கொண்டார். இரண்டும் வேறு வேறு வைரஸ்களால் வருபவை. தொடையிடுக்கில் ஓரம் தடித்துப் பரவும் படையை எக்சிமாவில் ஒரு வகை என்று எழுதினார். செருப்புத் தைப்பவர்களிடம் அதிகம் என்றும் சரியாகக் கவனித்தார். அது பூஞ்சையால் வரும் படர்தாமரை என்பதைப் பின்வந்தவர்கள் காட்டினார்கள். சிரங்கில் ஒட்டுண்ணியைத் தன் உடம்பிலேயே விட்டுக் காட்டியவரே ஒட்டுண்ணியைத் தவறவிட்ட இடம் இது.

எல்லாத்தையும் தோலோடயே முடிச்சிட்டார், உள்காரணத்தைப் பார்க்கலைன்னு எங்க புரொபசர் சொல்றார். சரியா?

பாதி சரி. கெட்ட ரத்தக் கோட்பாட்டை எதிர்த்துப் போராடியதில், பல இடங்களில் மறுகோடிக்குப் போய்விட்டார். எக்சிமாவுக்கு உள்ளே காரணம் தேடுவதை அவர் விரும்பவில்லை. சோரியாசிஸ் உடலின் நோய் எதிர்ப்பு அமைப்போடு தொடர்புள்ளது, மூட்டுகளையும் தாக்கும் என்று இன்று நமக்குத் தெரியும். பிரான்ஸ் நாட்டுத் தோல் மருத்துவர்கள் அன்றே அவரோடு இதில் சண்டை போட்டார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது.

ஆனால் கண்ணெதிரே தெரிந்தபோது அவர் மறைக்கவில்லை. உங்கள் புரொபசரிடம் 1872ஆம் ஆண்டுக் கட்டுரையைக் காட்டுங்கள். கர்ப்பிணிகள் ஐந்து பேருக்கு, தொடையிடுக்கில் தொடங்கி வளையம் வளையமாகச் சீழ்க்கொப்புளம் பரவி, குளிரும் காய்ச்சலும் வந்ததை அதில் எழுதியிருக்கிறார். ஐவரில் நால்வர் இறந்தார்கள். அந்த நோய்க்கு அவர் வைத்த பெயர் இம்பெட்டைகோ ஹெர்பெட்டிஃபார்மிஸ். இது கர்ப்பத்தோடு சேர்ந்து வருகிறது என்பதையும் அவரே பதிவு செய்தார். கர்ப்ப காலத்தில் வரும் சீழ்க்கொப்புளச் சோரியாசிஸ் என்று இன்று நாம் வகைப்படுத்துவது அதைத்தான்.